நாலு மணி வெயிலும் மேற்கு ஜன்னலும்

ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வெப்பம் இரண்டு விதமாக வருகிறது. கண்ணாடியை ஊடுருவி நேரே விழும் வெயில் ஒன்று. வெளிக்காற்றின் சூடு கண்ணாடியைச் சுடவைத்து, அதன் வழியே மெல்ல உள்ளே கடப்பது இன்னொன்று. முதலாவதைத் தடுக்க நிழல் வேண்டும்; இரண்டாவதைத் தடுக்க வெப்பக்காப்பு வேண்டும். கடைகளில் 'வெப்பம் தடுக்கும் திரை' என்ற ஒரே பெயரில் இரண்டுமே விற்கப்படுகின்றன. ஹைதராபாத் போன்ற ஊரில் எது முதலில் தேவை என்பதை ஒரு சிறு கணக்கே சொல்லிவிடும்.

நான்கடி அகலம், ஐந்தடி உயரம் உள்ள ஒரு மேற்கு ஜன்னலை எடுத்துக்கொள்வோம். பரப்பு ஏறக்குறைய 1.9 சதுர மீட்டர். மே மாதப் பிற்பகலில் அதன்மேல் சதுர மீட்டருக்கு 600 வாட் வெயில் விழுவதாக வைத்துக்கொண்டால், சாதாரண ஒற்றைக் கண்ணாடி அதில் ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விட்டுவிடும். அதாவது சுமார் 900 வாட். வெளியே 40 டிகிரி, ஏசி ஓடும் அறைக்குள் 26 டிகிரி என்றால், வெறும் வெப்பநிலை வித்தியாசத்தால் அதே கண்ணாடி வழியே வருவது 150 வாட்தான். வெயிலின் பங்கு ஆறு மடங்கு. ஒரு டன் ஏசியின் மொத்தக் குளிரூட்டும் திறனே சுமார் 3,500 வாட். அதில் கால் பங்கை இந்த ஒரு ஜன்னல் வெயில் தின்றுவிடுகிறது.

வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதும் முக்கியம். ஹைதராபாத்தில் சூரியன் ஆண்டுக்கு இருமுறை, மே 9, ஆகஸ்ட் 3 தேதிகளையொட்டி, நண்பகலில் சரியாக உச்சந்தலைக்கு மேல் நிற்கும். இடைப்பட்ட வாரங்களில் சற்று வடக்கே தள்ளியே செல்லும். அதனால் கோடை நண்பகலில் தெற்கு ஜன்னலுக்கு நேர்வெயில் அநேகமாக இல்லை. மேலே இருக்கும் சன்ஷேடே போதும். மேற்கு ஜன்னல் கதை வேறு. நாலு மணிக்கு மேல் சூரியன் தாழ்ந்து, சன்ஷேடுக்குக் கீழே புகுந்து, அறையின் எதிர்ச்சுவர்வரை வந்துவிடுகிறது. திரைக்கென்று ஒதுக்கிய பணம் குறைவாக இருந்தால் அது முழுவதும் மேற்குப் பக்கத்துக்கே போக வேண்டும்.

பெரும்பாலோர் முதலில் வாங்குவது கனமான கருநீல, கரும்பழுப்புத் திரைகளை. அவை வெளிச்சத்தை மறைக்கும். வெப்பத்தை அவ்வளவாக மறைக்காது. கண்ணாடியைத் தாண்டி வந்த வெயிலை அடர்நிறத் துணி அப்படியே உறிஞ்சிக்கொள்கிறது. வெயில் விழும் நேரத்தில் திரைக்குப் பின்னால் கையை நீட்டினால் அடுப்பங்கரைச் சூடு தெரியும். சூடான காற்று திரைக்கம்பிக்கு மேலே உள்ள இடைவெளி வழியாக ஏறி அறைக்குள் வழிய, கீழிருந்து குளிர்ந்த காற்று அந்த இடத்தை நிரப்புகிறது. ஏசி போட்ட அறையில் இப்படி ஒரு புகைபோக்கியைக் காசு கொடுத்து மாட்டிக்கொண்டது போலத்தான். பரிகாரம் எளிது: கண்ணாடியைப் பார்க்கும் பக்கம் வெள்ளை உள்துணி, சுவரை ஒட்டிய ஓரங்கள், மேலே மூடிய பெல்மெட் பெட்டி. நடுத்தர நிறத் துணிக்கு வெள்ளை பிளாஸ்டிக் பின்புறம் கொடுத்தால் வெப்ப வரவு 33 சதவீதம் குறையும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை.

தேன்கூட்டுத் திரைகள் இப்போது உயர்மாடிக் குடியிருப்புகளில் பிரபலம். அறுகோண அறைகளுக்குள் காற்றை அடைத்து வைப்பதே இவற்றின் நுட்பம். இவை பிறந்தது அறையின் சூடு வெளியே போகாமல் காப்பதற்காக. ஹைதராபாத்தில் டிசம்பர் இரவுகள் 15 டிகிரியையொட்டி நிற்கின்றன. ஹீட்டர் வைத்த வீடுகளும் அரிது. ஆகவே இங்கே இவற்றின் குளிர்காலப் பயன் கொஞ்சமே. வெள்ளைப் பின்புறத்தோடு, இருபுறமும் தடத்துக்குள் இறுக்கமாக ஓடும் வகையாக இருந்தால் கோடையில் கைகொடுக்கும். நிறமேற்றிய கண்ணாடிக்குப் பின்னால் இதை மாட்டும்முன் கண்ணாடிக்காரரிடம் கேட்பது நல்லது; அடைபட்ட சூட்டில் கண்ணாடி விரிசல் விடுவதுண்டு.

வெயிலை நிறுத்தச் சரியான இடம் கண்ணாடிக்கு வெளியேதான். தக்காணத்தின் பழைய கட்டடக்காரர்களுக்கு இது தெரிந்திருந்தது. ஹைதராபாத் சந்தோஷ் நகரிலுள்ள பைகா கல்லறைகளின் சுதை ஜாலிகள், அதாவது துளைச்சல்லடைச் சுவர்கள், வெயிலைப் பொடிப்பொடியாக்கிக் காற்றை மட்டும் உள்ளே விடுகின்றன. ஹைடெக் சிட்டி அருகே, 2004 ஜூலை 14 அன்று அப்துல் கலாம் திறந்து வைத்த சி.ஐ.ஐ. சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையமும் ஜாலிச் சுவரைத்தான் வைத்திருக்கிறது. வீடுகளுக்கு அதே வேலையை மூங்கில் தட்டி செய்யும். வடக்கே 'சிக்' என்கிறார்கள். பிளந்த மூங்கில் குச்சிகளை நூலால் கோத்து, பின்னால் துணி தைத்து, கயிற்றை இழுத்தால் சுருளும்படி பால்கனியில் கட்டுவது. மூங்கிலும் சூடாகத்தான் செய்யும், ஆனால் அந்தச் சூடு வெளிக்காற்றோடு போய்விடும். மேற்கு ஜன்னலுக்கு வெளியே போடும் துணிப்பந்தல் வெப்ப வரவை 77 சதவீதம்வரை குறைக்கும் என்று அதே அமெரிக்கத் துறை கூறுகிறது. வெட்டிவேர்த் தட்டியை நனைத்துத் தொங்கவிடுவது இதன் அடுத்த படி. ஏப்ரல், மே மாத வறண்ட காற்றில் அது அருமையாக வேலை செய்யும். ஜூனில் மழை வந்து காற்று ஈரமானதும் பலன் போய்விடும். சென்னையின் கடற்காற்றில் அது அவ்வளவு எடுபடாததற்கும் இதுவே காரணம்.

இருபதாவது மாடியில் தட்டி கட்ட முடியாது. காற்று பிய்த்துவிடும், கட்டடத்தின் முகம் மாறக்கூடாது என்று குடியிருப்போர் சங்கமும் தடுக்கும். அங்கே பால்கனியே நிழல், அதன் உள்விளிம்பில் திரை. சன் ஃபிலிம் ஒட்டினால் வெப்பம் குறையும். ஆனால் மழைநாளிலும் அறை இருட்டாகவே இருக்கும்.

எந்தத் திரையானாலும் காலை ஒன்பது மணிக்குள் மூடி, இருட்டியதும் திறந்துவிட வேண்டும். கொசுவலை அடித்த ஜன்னலென்றால் இரவு முழுக்கவே திறந்து வைக்கலாம். ஏசியில் ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது மத்திய எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. நிழல் விழுந்த ஜன்னல் இருந்தால்தான் அந்த ஒரு டிகிரியைக் கூட்டவும் மனம் வரும்.

அதே பணியகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட 'எகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற குடியிருப்பு விதித்தொகுப்பு, ஹைதராபாத் அடங்கிய கலப்புத் தட்பவெப்ப மண்டலத்தில் சுவர், ஜன்னல் வழியே வரும் வெப்பத்துக்குச் சதுர மீட்டருக்கு 15 வாட் என்று உச்சவரம்பு வைக்கிறது. அந்தக் கணக்கில் சுவர், கண்ணாடி, வெளியே நிலையாகக் கட்டிய சன்ஷேடு ஆகியவை வருகின்றன. உள்ளே தொங்கும் திரை வருவதில்லை.