டிரிகரை மாற்றும் முன் விரலைப் பாருங்கள்

“மாஸ்டர், டிரிகரை மாத்திட்டா மார்க் ஏறுமா?” ரேஞ்சுக்கு வரும் பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ துப்பாக்கி சுடுதல் உலகக் கோப்பையில் தங்கம் வென்றதைச் சொல்லிக்கொண்டே பிள்ளையைச் சேர்க்கிறார்கள். கொஞ்ச நாளில் டிரிகர் பேச்சு வந்துவிடும்.

கேள்வி நியாயமானதுதான். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கில் பத்தாம் புள்ளியின் குறுக்களவு வெறும் அரை மில்லிமீட்டர். போட்டித் துப்பாக்கியின் எடை ஐந்தரை கிலோ வரை போகலாம். அதன் டிரிகரோ நூறு கிராம் அழுத்தத்துக்குள் விடுபடும். ஏர் பிஸ்டலுக்குக் குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும் என்று விதி உண்டு, ஏர் ரைஃபிளுக்கு அப்படி இல்லை. பிள்ளைகள் முதலில் வாங்கும் ஸ்பிரிங் துப்பாக்கியின் கணக்கு வேறு. துப்பாக்கியே மூன்று கிலோ சொச்சம்தான், டிரிகரை இழுக்க ஒன்றரை, இரண்டு கிலோ விசை வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அவ்வளவு விசையோடு இழுத்தால் குழல் முனை அசையாமல் என்ன செய்யும்?

ஆனாலும் உடனே தலையாட்டிவிட மாட்டேன். முதலில் துப்பாக்கியை மணல் மூட்டையில் வைத்துச் சுடச் சொல்வேன். அங்கேயே துளைகள் சிதறினால் பெல்லட்டையும் சைட்டின் திருகுகளையும் பார்க்க வேண்டும். மூட்டையில் நெருங்கி விழுந்து, நின்று சுடும்போது மட்டும் சிதறினால் அடுத்த சோதனை. பிள்ளை நின்று குறி பார்க்கட்டும். “சரி” என்று சொன்னதும் பக்கத்தில் நிற்கும் நான் டிரிகரை அழுத்துவேன். பிள்ளையின் விரல் டிரிகரைத் தொடாது. அப்போது துளைகள் நெருங்கினால் கோளாறு விரலிலோ டிரிகரிலோ இருக்கிறது. அப்படியும் சிதறினால் நிற்பதும் பிடிப்பதும்தான் சரியில்லை. எவ்வளவு விலை கொடுத்து டிரிகர் வாங்கினாலும் அது தீராது.

விரலா டிரிகரா என்று பிரிப்பதற்கு, நன்றாகச் சுடும் ஒருவர் கையில் அதே துப்பாக்கியைக் கொடுப்பேன். அவரும் திணறினால் டிரிகர்மேல் சந்தேகம் உறுதி. அவர் சுலபமாகச் சுட்டுவிட்டால், பிள்ளை டிரிகரை வெடுக்கென்று இழுக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பயிற்சிதான் வழி.

டிரிகர்தான் காரணம் என்றாலும் கடைக்குப் போகும் முன் கையேட்டைத் திறங்கள். பல துப்பாக்கிகளில் முதல் கட்ட இழுப்பின் நீளத்துக்கும் விடுபடும் அழுத்தத்துக்கும் தனித்தனித் திருகு இருக்கிறது. சிலவற்றில் டிரிகர் நாக்கையே முன்னும் பின்னும் நகர்த்தலாம். சின்னக் கைக்கு எட்டாத நாக்கை விரல் நுனியால் இழுக்கும்போது விசை பக்கவாட்டில் போகும். நாக்கைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தினாலே அந்தக் குறை குறைந்துவிடும். திருகைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: டிரிகரை இழுக்கும்வரை பிஸ்டனைப் பிடித்து நிறுத்தும் கொக்கியான சியரை அரம் போட்டுத் தேய்க்க யாரிடமும் கொடுக்காதீர்கள். அதன் கெட்டியான மேற்பரப்பு மெல்லியது. அது போய்விட்டால், டிரிகரைத் தொடாமலே, லேசாகத் தட்டினாலே துப்பாக்கி வெடிக்கக்கூடும். குழந்தைகள் நிற்கும் ரேஞ்சில் அதை நான் அனுமதிக்கவே மாட்டேன்.

இன்னொன்று, ஸ்பிரிங் துப்பாக்கியில் பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே பிஸ்டன் ஓட்டத்தால் துப்பாக்கி ஆடத் தொடங்கிவிடும். நல்ல டிரிகர் விரலின் தவறைக் குறைக்கும். இந்த ஆட்டத்தை அது நிறுத்தாது. அதனால் மாவட்டப் போட்டியைத் தாண்டிப் போக நினைக்கும் பிள்ளைக்கு, டிரிகருக்குச் செலவழிக்கும் பணத்தைச் சேர்த்துவைத்து, பின்னால் பழைய போட்டித் துப்பாக்கி ஒன்றை வாங்கச் சொல்வேன். அதுவரை கிளப் துப்பாக்கி போதும். பொழுதுபோக்காகவே சுடப்போகிறவர், இருக்கும் துப்பாக்கியையே வைத்துக்கொள்ள விரும்பினால், அதற்கென்றே செய்த டிரிகர் தொகுதியைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் கொடுத்துப் பொருத்திக்கொள்ளலாம். போட்டி நெருங்கும் நேரத்தில் மட்டும் வேண்டாம். புது டிரிகர் விரலுக்குப் பழகச் சில வாரங்கள் பிடிக்கும்.