செவிக்கினிய கணிப்பொறி

கேள்வியின் சிறப்பை உணர்த்தத் திருவள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். இன்று நாம் சொற்பொழிவையும் பாடலையும் கணிப்பொறி வாயிலாக ஹெட்போனில் கேட்கின்றோம். தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூரில், சிம் வோங் ஹூ நிறுவிய கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் வெளியிட்ட 'சவுண்ட் பிளாஸ்டர்' ஒலி அட்டை, வீட்டுக் கணிப்பொறிகளில் நல்லொலி பரவப் பெரிதும் துணைபுரிந்தது.

எனினும், அட்டை இருந்தால் மட்டும் போதாது. அதன் அமைப்பும் செவ்விதாக இருத்தல் வேண்டும்.

முதலாவதாக, ஒலி அமைப்புப் பகுதியில் 'ஹெட்போன்' அல்லது 'ஸ்டீரியோ' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பல ஒலிபெருக்கிகளுக்குரிய 5.1 அமைப்பு இருப்பின், உரையாடலைத் தாங்கிவரும் நடுத்தடம் செவிக்கு எட்டாமற் போகக்கூடும்.

இரண்டாவதாக, குறுந்தகட்டின் ஒலி விநாடிக்கு 44,100 மாதிரிகளாகப் பதிவானது. அட்டையிலும் அவ்வெண்ணையே அமைப்பின், ஒலி இடையில் மாற்றப்படாது.

மூன்றாவதாக, எதிரொலி, தாழ்சுருதிப் பெருக்கம் முதலிய மிகைகளை நீக்குதல் நன்று. லகர, ளகர, ழகர வேறுபாடு அப்போது தெளிவுறும்.

இறுதியாக ஒலியளவு. பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்திற்கு 40 மணி நேரம் என்பதே உலக நலவாழ்வு அமைப்பு காட்டும் வரம்பு. பேரொலியால் அழிந்த உட்செவி மயிரணுக்கள் மீண்டும் தோன்றுவதில்லை. ஆதலின் மாணவச் செல்வங்களே, தெளிவு குறைந்தால் ஒலியைக் கூட்டாதீர், அமைப்பைத் திருத்துவீர்!