நான்கு குப்பிகளில் அகப்படாத வலி

ஆணின் சிறுநீர்ப்பைக்கு அடியில், மலக்குடலுக்கு முன்னால், பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கிறது புராஸ்டேட் சுரப்பி. எடை சுமார் 20 கிராம். சிறுநீர்க்குழாய் இதன் நடுவே புகுந்துதான் வெளியே வருகிறது. வயதானால் இது பருத்து நீர் அடைபடும் என்பது பலருக்கும் தெரியும். முப்பது, நாற்பது வயதுக்காரர்களைப் படுத்தும் தொல்லை வேறு. விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே மாதக்கணக்கில் விடாத வலி; போய்விட்டு வந்த கையோடு மறுபடி நீர் முட்டுவது; விந்து வெளியேறும்போது சுருக்கென்று ஒரு குத்தல். கூச்சத்தை விட்டுச் சொன்னால், "உடம்புச் சூடு, இளநீர் குடி" என்பார்கள்.

மருத்துவர்கள் வெகுகாலம் இதைக் கிருமியின் வேலை என்றே நம்பினார்கள். 1968இல் அமெரிக்காவில் மியர்ஸ், ஸ்டேமி என்ற இருவர் அந்தக் கிருமியைக் கையும் களவுமாகப் பிடிக்க ஒரு சோதனையை விவரித்தார்கள். முதலில் வரும் 10 மில்லி சிறுநீர் ஒரு குப்பியில். நடுவில் வருவது இரண்டாவதில். பிறகு மருத்துவர் ஆசனவாய் வழியாக விரலை விட்டுச் சுரப்பியைப் பிசைவார்; கசியும் சில சொட்டுகள் மூன்றாவதில். கடைசியாக வரும் சிறுநீர் நான்காவதில். முதல் இரண்டில் அதிகம் இல்லாத கிருமி பின் இரண்டில் பெருகித் தெரிந்தால், அது சுரப்பிக்குள் குடியிருக்கிறது என்று பொருள். எளிமையான, அழகான யோசனை.

ஆனால் பெரும்பாலானவர்களின் குப்பிகளில் கிருமி அகப்படவில்லை. அதைவிட வியப்பு 2003இல் வந்தது. வலியுள்ள 463 பேரையும் வலியே இல்லாத 121 பேரையும் சோதித்தார்கள். இரு தரப்பிலும் நூற்றுக்கு எட்டுப் பேரிடம்தான் கிருமி இருந்தது! மறு ஆண்டு, 196 பேருக்கு ஆறு வாரம் கிருமியைக் கொல்லும் சிப்ரோஃப்ளாக்சசின், நீர்ப்பாதைத் தசையைத் தளர்த்தும் டாம்சுலோசின், இரண்டும் சேர்த்து, அல்லது வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

கிருமியால் வருவதே கிடையாது என்று சொல்ல வரவில்லை. குளிர்காய்ச்சலோடு திடீரென வரும் புராஸ்டேட் அழற்சிக்கு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாள்பட்ட கிருமித்தொற்றும் உண்டு. சுரப்பிக்குள் எளிதில் நுழையும் மருந்துகள் சிலவே என்பதால் நான்கு முதல் ஆறு வாரம் சாப்பிட நேரும். ஆனால் நாள்பட்ட அழற்சி என்று வருபவர்களில் பத்தில் ஒன்பது பேர் இந்த வகை அல்ல. அவர்களுக்காகவே அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் 1995இல் 'நாள்பட்ட இடுப்புக்குழி வலி' என்று தனி வகை பிரித்தது. கிருமி தென்படாமலே பாட்டில் பாட்டிலாக ஆன்டிபயாடிக் எழுதும் பழக்கம் மட்டும் இன்னும் போனபாடில்லை.

அப்படியானால் வலி எங்கிருந்து வருகிறது? பலருக்குச் சுரப்பியைச் சுற்றியுள்ள தசைகளிலிருந்து. இடுப்பின் முன்னெலும்பிலிருந்து வால் எலும்பு வரை தூளி கட்டினாற்போல ஒரு தசைப் படுகை தொங்குகிறது. சிறுநீர்ப்பையும் குடலும் அதன்மேல்தான் அமர்ந்திருக்கின்றன. கவலையிலும் பயத்திலும் சிலர் தோளை இறுக்குவதுபோல, சிலர் தமக்கே தெரியாமல் இதை இறுக்கிக்கொள்கிறார்கள். விரல்களை இறுக மடக்கி ஐந்து நிமிடம் வைத்திருந்து பாருங்கள், எப்படிக் கடுக்கிறதென்று. வலி நீண்டால் நரம்புகளும் பழகிப்போய், சின்னத் தூண்டலையும் பெரிய வலியாக மூளைக்குச் சொல்லும்.

அதனால் இன்று எல்லாருக்கும் ஒரே சீட்டு எழுதுவதில்லை. நீர் பிரிவதில் தடையா, தசை இறுக்கமா, மனச்சோர்வா, கிருமியா என்று ஆளுக்கு ஆள் பிரித்துப் பார்த்து வைத்தியம் செய்கிறார்கள். தசை இறுகியவருக்கு இயன்முறை மருத்துவர் தசையைத் தளர்த்தத்தான் கற்றுக்கொடுப்பார். இறுக்கிப் பழகும் பயிற்சி இங்கே தொல்லையைக் கூட்டக்கூடும். சீனாவில் 440 பேரிடம் எட்டு வாரம் நடந்த ஆய்வில் அக்குபங்சர் ஊசி 60.6 சதவீதம் பேருக்குத் தொல்லையைக் கணிசமாகக் குறைத்தது. போலி ஊசியோ 36.8 சதவீதம் பேருக்கு! ஊசியை நம்பாத எனக்கு இரண்டாவது எண்தான் அதிகம் யோசனை தந்தது.

பரிசோதிக்கும் மருத்துவரின் விரல் சுரப்பியைத் தொடும்போது பேசாமல் படுத்திருப்பவர், அது சற்றுப் பக்கவாட்டில் நகர்ந்து தசையை அழுத்தியதும் துள்ளுவார்: "அதேதான் டாக்டர், அந்த வலிதான்!"