எழுதிக் கொடுங்க சார்!

கார் டெலிவரி எடுக்கிற நாளில் ஷோரூம்காரர்கள் நம்மை நடத்துகிற விதம் இருக்கிறதே... மாப்பிள்ளை அழைப்பு தோற்றுவிடும்! காருக்குச் சிவப்புத் துணி போர்த்தி, ரிப்பன் கட்டி, கேக் வெட்டி, வாசலில் தொங்கும் மணியை அப்பா கையால் அடிக்கச் சொல்லி, தெர்மாகோலில் செய்த மூன்றடிச் சாவியைக் கொடுத்து போட்டோ பிடித்து... இன்னும் அஞ்சு நிமிஷம் நின்றிருந்தால் ஆரத்தி எடுத்திருப்பார்கள். நானும் தட்டில் ஐந்நூறு ரூபாய் போட்டிருப்பேன்.

“அண்ணா, கம்பெனியிலேர்ந்து போன் வரும். பத்துக்குப் பத்து போட்ருங்கண்ணா. ஒன்பது போட்டாக்கூட எங்களுக்கு ஃபெயில்ண்ணா!” என்று காதோடு சொன்னார் விற்பனைப் பையன். போட்டேன். பி.காம். படித்த மூன்று வருஷத்தில் எனக்கு யாரும் பத்துக்குப் பத்து போட்டதில்லை. இருந்தும் தாராளமாகப் போட்டேன்.

இது நடந்தது 2025 தை மாசம். காரின் விலை எட்டரை லட்சம். அதில் மூன்று லட்சம் அப்பாவின் ஓய்வுக்காலப் பணம். “உங்கம்மா முட்டி வலியோட பஸ் ஏற வேணாம்டா” என்பதுதான் அவர் சொன்ன ஒரே காரணம். மீதி, பேங்க்கின் கருணை.

வைகாசியில் ஆரம்பித்தது அது. நாலாயிரம் கிலோமீட்டர்கூட ஓடியிருக்கவில்லை. காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பி, தெருமுனையில் இடது பக்கம் ஒடித்தேன். ஸ்டியரிங்குக்கு அடியிலிருந்து ‘கடக்’.

அப்பா என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

அடுத்த திருப்பத்தில் மறுபடி ‘கடக்’. இஞ்சினில் சத்தம் என்றால்கூட மனசு சமாதானமாகிவிடும். ஸ்டியரிங்கில் என்றால்? கத்திப்பாரா மேம்பாலத்தில் வளைந்து இறங்கும்போது, ‘இது இப்போ கையோட வந்துடுமோ’ என்று வயிற்றில் புளி கரைக்கிறது.

சர்வீஸ் சென்டருக்கு ஓடினேன். சர்வீஸ் அட்வைசர் பவ்யமாக உட்கார்ந்து ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தார். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டதும் வயிற்று வலி காணாமல் போகுமே, அந்த மாதிரி கார் கப்சிப்.

“சத்தம் வரலையே சார்!”

பத்து நாள் கழித்து மறுபடி போனேன். மறுபடி அதே “வரலையே சார்!” இந்தத் தடவை அவர் பார்வையில் என் காதைப் பற்றிய சந்தேகம் லேசாகத் தெரிந்தது.

இந்த இரண்டு தடவையும் நான் செய்த அசட்டுத்தனத்தைச் சொல்லியாக வேண்டும். வண்டியை விடும்போது ஜாப் கார்டு என்று ஒரு தாள் நீட்டுவார்கள். கையெழுத்து போட்டுவிட்டு ஏ.சி. ரூமில் போய் காபி குடிப்போம். வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தால், இரண்டு தாளிலும் ‘ஜெனரல் செக்கப்’ என்றுதான் இருந்தது! ஸ்டியரிங் என்ற வார்த்தையே இல்லை. அதாவது, ஊரறிய நான் இரண்டு தடவை சும்மா காபி குடிக்கப் போயிருக்கிறேன். கணக்குப் பிள்ளைக்கு வவுச்சர் இல்லாத செலவு செலவே இல்லை. இது தெரிந்த நானே இப்படி!

இதற்குள் அப்பா காரில் வருவதை நிறுத்திவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. “கோயில் பக்கத்துலதானே இருக்கு, நடந்தே போயிடறேன்”, “பஸ்ஸுல இப்ப கூட்டமே இல்ல தெரியுமோ?” இப்படியே ஏதாவது ஒன்று. மூன்று லட்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருந்தால்கூடத் தேவலை.

எங்கள் தெருக்கோடியில் முப்பது வருஷமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பெரியவரிடம் போய் நின்றேன். அவர் பானெட்டைத் திறக்கவே மறுத்துவிட்டார்.

“நான் ஸ்பேனர் வெச்சேன்னா அதையே சாக்கா சொல்லிடுவான். வாரண்டி முடியற வரைக்கும் என்கிட்ட வராதே. எப்போ சத்தம் வருது?”

“காலையில முதல்ல எடுக்கும்போது. அப்புறம் இல்லை.”

“நீ அங்க போய்ச் சேரும்போது வண்டி சூடாயிடுதே, எப்படி வரும்? ராத்திரியே கொண்டு போய் விட்டுடு. காலையில அவனையே எடுக்கச் சொல்லு. அதுக்கு முன்னாடி போன்ல சத்தத்தைப் பிடிச்சு வெச்சுக்கோ.”

ஃபீஸ் வாங்கவில்லை. டீ மட்டும்.

மூன்றாவது தடவை போனபோது நான் வேறு ஆள். “நான் சொல்றதை அப்படியே ஜாப் கார்டுல அடிங்க. அப்பத்தான் கையெழுத்து” என்றேன். ‘காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது, மெதுவாக இடது பக்கம் திரும்பினால் ஸ்டியரிங் அடியில் கடக் என்று சத்தம்.’ அவர் இங்கிலீஷில் அடிக்க ஆரம்பித்து, ‘கடக்’குக்கு இங்கிலீஷ் கிடைக்காமல் என்னைப் பார்த்தார். எனக்கும் கிடைக்கவில்லை. கடைசியில் ‘நாய்ஸ்’ என்று சமரசமானோம்.

மறுநாள் காலை எட்டு மணி. அட்வைசர், ஒரு டெக்னீஷியன், பின் சீட்டில் நான். கேட்டைத் தாண்டி இடது பக்கம் ஒடித்ததும்... ‘கடக்!’ என் வாழ்க்கையில் ஒரு ரிப்பேர் எனக்கு இவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை!

சந்தோஷம் சாயங்காலம் வரை நீடித்தது. நாலரை மணிக்கு போன்.

“சார், ஸ்டியரிங் காலம் அசெம்பிளி முழுசா மாத்தணும். மோட்டாரும் அதோட சேர்ந்தே வருது, தனியா கிடைக்காது. முப்பத்தெட்டாயிரத்து நானூறு.”

“வாரண்டி இருக்கே?”

“வராது சார். வெளியில ரிவர்ஸ் கேமரா மாட்டியிருக்கீங்களே. வயரிங்ல கை வெச்சா எலக்ட்ரிகல் வாரண்டி போயிடும்.”

வாஸ்தவம்தான். ஷோரூமில் எட்டாயிரம் சொன்ன கேமராவை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் இரண்டாயிரத்து எண்ணூறுக்கு மாட்டியிருந்தேன். ஆனால், கேமரா இருப்பது டிக்கியில். சத்தம் வருவது ஸ்டியரிங்கில். வாலில் குஞ்சம் கட்டினதற்குத் தலைவலி வருமா?

அன்று ராத்திரிதான், கார் வாங்கி முதல்முறையாக, வாரண்டி புஸ்தகத்தைத் திறந்தேன். எறும்பு ஊர்கிற சைஸில் எழுத்து. மனைவியின் உதவியோடு (அவளுக்கு இன்னும் கண்ணாடி வரவில்லை) ஒரு மணி நேரம் படித்தோம். இரண்டு வருஷம் அல்லது நாற்பதாயிரம் கிலோமீட்டர், எது முன்னதோ அது. வைப்பர், பிரேக் பேடு, ஃபில்டர், பல்பு மாதிரி தேய்கிற சமாச்சாரங்கள் கிடையாது. டயரும் பாட்டரியும் அதனதன் கம்பெனிகள் பொறுப்பு. ஸ்டியரிங் அந்த ‘கிடையாது’ லிஸ்ட்டில் எங்குமே இல்லை.

வெளியில் மாட்டும் அயிட்டங்கள் பற்றி ஒரு வரி இருந்தது. என் புஸ்தகத்தில் அது சொன்னது இதுதான்: அப்படி மாட்டியதன் ‘காரணமாக ஏற்படும்’ பழுதுக்கு வாரண்டி இல்லை. காரணமாக! மாட்டினாலே வாரண்டி போச்சு என்று இல்லை. மாட்டினதுதான் காரணம் என்று காட்ட வேண்டும். (எல்லாக் கம்பெனி புஸ்தகமும் ஒரே மாதிரி இருக்காது. உங்களுடையதை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். டேஷ்போர்டு பெட்டிக்குள், பழைய டோல் ரசீதுகளுக்கு அடியில் இருக்கும்.)

மறுநாள் போய் சண்டை போடவில்லை. ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னேன்.

“கேமராவாலதான் ஸ்டியரிங் போச்சுன்னு எழுதிக் கொடுங்க சார்.”

அட்வைசர் ‘ஙே’ என்று விழித்தார். மேனேஜரிடம் போனார். மேனேஜர் வந்து எனக்குக் காபி சொன்னார். குடும்பம், குழந்தைகள் எல்லாம் விசாரித்தார். “சிஸ்டத்துல ரிஜெக்ட்டுன்னு காட்டுது சார்” என்றார். “அந்த சிஸ்டத்தையே ஒரு பிரிண்ட் கொடுங்களேன்.” “மெயில் அனுப்பறோம் சார்.” நாலு நாளாச்சு. மெயில் வரவில்லை. வாயால் நூறு தடவை ‘இல்லை’ சொல்கிறவர்கள், பேனா என்றால் ஏன் இப்படி நெளிகிறார்கள்?

காரணத்தைப் பிற்பாடு அங்கேயே ஒருவர் சொன்னார். டீலர் வேறு, கம்பெனி வேறு. வாரண்டி வேலையை டீலர் செய்துவிட்டுக் கம்பெனியிடம் பில் போடுவார். கழற்றிய பாகத்தைக் காட்டச் சொல்லி கம்பெனி பரிசோதிக்கும். ‘இது வாரண்டியில் வராதே’ என்று கம்பெனி சொல்லிவிட்டால், முப்பத்தெட்டாயிரம் டீலர் தலையில். அதனால் கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும், கம்பெனியைக் கேட்காமலேயே ‘இல்லை’ சொல்லிவிடுவது அவருக்கு சௌகரியம். என் விஷயமும் அதுவரை கம்பெனிக்குப் போகவே இல்லை! அட்வைசர் பேரில் எனக்குக் கோபம் குறைந்தது. அவரும் மாசச் சம்பளக்காரர்தானே?

நானே மெயில் எழுதினேன். எந்தத் தேதியில் வந்தேன், ஜாப் கார்டு நம்பர், போனில் பிடித்த சத்தம், ‘இன்ன தேதியில் இன்ன காரணம் சொல்லி வாயால் மறுத்தீர்கள், ஏழு நாளில் எழுத்தில் தரவும்’. டீலருக்கு ஒன்று, கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு ஒன்று. அதையே பிரிண்ட் எடுத்து ஸ்பீட் போஸ்ட்டிலும் போட்டேன். (நம்ம பழைய ரிஜிஸ்டர் தபால் 2025 செப்டம்பரிலிருந்து ஸ்பீட் போஸ்ட்டோடு ஐக்கியமாகிவிட்டது. கவுன்ட்டரில் போய் விழித்த பிறகு தெரிந்துகொண்டேன்.) கூடவே 1915-க்கு போன். தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசினார்கள், புகார் நம்பர் கொடுத்தார்கள். அது கோர்ட் இல்லை, உத்தரவு போட முடியாது. ஆனால், விஷயத்தைக் கம்பெனியின் காதில் போடுவார்கள்.

எதிர்வீட்டுக்காரருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. “என்ன சார், லெட்டர் எழுதிக்கிட்டு! கேஸ் போடுங்க. புதுக் கார், பத்து லட்சம் நஷ்ட ஈடு, மன உளைச்சல் தனி!” என்றார். அவர் கண்ணில் எனக்கு ஏற்கெனவே இரண்டாவது கார் தெரிந்தது.

கேஸ் போடுவதில் பயமில்லை. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் தரலாம். டீலர் எந்த ஊர், கம்பெனி எந்த ஊர் என்று அலைய வேண்டாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை ஃபீஸே இல்லை. என் எட்டரை லட்சத்துக்கு இருநூறு ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை, பிரச்னை எழுந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். பழுது சாதாரணமாகக் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால் ஆய்வுக்கு அனுப்பவும் வழி உண்டு. ஆய்வு தேவைப்பட்டால் ஐந்து மாசத்துக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைத் தாண்டியும் போகிறது.

ஆனால் புதுக் கார்? 2006-ல் ஒரு கார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லிவிட்டது: வாரண்டி என்பது பழுதான பாகத்தைச் சரிசெய்து அல்லது மாற்றித் தருவதற்கான வாக்குறுதி, அதை வைத்து வண்டியையே மாற்றித் தரச் சொல்ல முடியாது. எனக்கு வேண்டியதும் அந்த ஒரு பாகம்தான். எதிர்வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் வாடிப்போனது.

ஆறாம் நாள் கம்பெனியிலிருந்து ஒரு ஏரியா இன்ஜினீயர் வந்தார். சின்னப் பையன். டிக்கியைத் திறந்து கேமரா வயரைத் தடவிப் பார்த்தார். பின் லைட்டிலிருந்து கரன்ட் எடுத்திருந்தது. ஸ்டியரிங் பக்கம் அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்தார். ஓட்டினார். ‘கடக்’. மொத்தம் பன்னிரண்டு நிமிஷம். “வாரண்டியில பண்ணிடுங்க” என்றார் மேனேஜரிடம். அவ்வளவுதான்! மூன்று மாசமாக என் தூக்கத்தைக் கெடுத்த விஷயம்.

பாகம் வர பத்தொன்பது நாள் ஆனது. பில்லில் அசெம்பிளி பூஜ்யம், கூலி பூஜ்யம். வீல் அலைன்மென்ட்டுக்கு மட்டும் அறுநூத்திச் சொச்சம் போட்டிருந்தார்கள். வேலையோடு சேர்ந்த செலவுதானே என்று வாதாடிப் பார்த்து, அன்று ஏழாவது ஆட்டோவுக்குக் காசு கொடுத்த அலுப்பில் கட்டிவிட்டேன். லீவு போட்ட ஐந்து நாள், ஆட்டோ செலவு, இதெல்லாம் என் கணக்கில் நஷ்டம்தான். புது அசெம்பிளிக்குத் தனியாக இரண்டு வருஷம் வாரண்டி உண்டா என்று கேட்டேன். இல்லையாம். காருக்கு மிச்சமிருக்கும் காலம் வரைதான் அதற்கும். அதுவும் புஸ்தகத்தில் இருந்தது, எறும்பு சைஸில்.

சாவியைக் கொடுக்கும்போது மேனேஜர் நெளிந்தார். “சார், கம்பெனியிலேர்ந்து போன் வரும்... ஒரு பத்துக்குப் பத்து...”

“எழுதிக் கொடுங்க சார், யோசிக்கிறேன்” என்றேன். நல்ல மனுஷர், சிரித்துவிட்டார். போனும் வந்தது. ஆறு போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மாவைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு, அப்பாவை ஒரு வழியாக முன் சீட்டில் உட்கார வைத்தேன். தெருமுனை வந்தது. இடது பக்கம் ஒடித்தேன். சத்தமே இல்லை. அடுத்த திருப்பம். ம்ஹும், இல்லை. அப்பா கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தார். மூன்றாவது திருப்பத்தில் திடுக்கென்று நிமிர்ந்தார்.

“என்னடா அது, ‘கிணிங்’னு?”

ஓரங்கட்டி நிறுத்தினேன். பின்னால் திரும்பிப் பார்த்தேன். அம்மா, மடியில் இருந்த டிபன் கேரியரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.