குளிர்விப்பு நீர்மம்

மலையைக் குடைந்து சாலை அமைக்கும் பொக்லைன், மண்ணைத் தள்ளிச் சமன்செய்யும் புல்டோசர் ஆகியவற்றின் ஆற்றல் டீசலின் எரிதலில் பிறக்கிறது. அவ்வெப்பத்தில் பெரும்பகுதி உழைப்பாக மாறுவதில்லை. ஒரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. மற்றொரு பங்கைச் சுமந்துசென்று ரேடியேட்டரில் இறக்குவது 'கூலண்ட்' எனப்படும் குளிர்விப்பு நீர்மமே ஆகும்.

இது பொதுவாகத் தூய நீரும் எத்திலீன் கிளைக்காலும் சம அளவில் கலந்தது. இக்கலவை ஏறத்தாழ −37 டிகிரி செல்சியசில்தான் உறையத் தொடங்கும். ஆதலால், லடாக்கின் கடுங்குளிரிலும் இயந்திரம் பிளவுறாமல் காக்கப்படுகிறது.

வெறும் நீர் போதாதோ என்னும் வினா எழலாம். உப்புநீர் உட்புறத்தில் படிவுகளை உண்டாக்கி, வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும். அதனினும் பெரிய கேடு ஒன்று உண்டு. பிஸ்டனின் இயக்கத்தால் சிலிண்டர் உறை அதிரும்போது, அதன் வெளிப்புறத்தில் நுண்குமிழிகள் தோன்றி உடைகின்றன. அவ்வுடைப்புகள் நாளடைவில் இரும்பையே துளைத்துவிடும். துளைவழியே நீர்மம் எண்ணெயில் கலந்தால் இயந்திரம் பாழாகும். கூலண்டில் சேர்க்கப்படும் வேதிப்பொருள்கள் மென்படலமாகப் படிந்து இவ்வழிவைத் தடுக்கின்றன. அவை நாளடைவில் குறைவதால், நீர்மத்தின் அளவை மட்டுமன்றித் தன்மையையும் உரிய காலத்தில் சோதித்தல் வேண்டும்.

நாள்தோறும் பணி தொடங்குமுன், இயந்திரம் குளிர்ந்திருக்கையில் நீர்மத்தின் அளவைக் காண்க. ரேடியேட்டரில் படிந்த புழுதியை அகற்றுக. சூடான நிலையில் மூடியைத் திறத்தல் கூடாது. அழுத்தத்தில் அடைபட்ட கொதிநீர்மம் பீறிட்டு முகத்தைச் சுட்டுவிடும். பழைய நீர்மத்தை மண்ணில் ஊற்றுதலும் தகாது. அது இனிப்புச் சுவையுடைய நஞ்சு. நக்கும் கால்நடையின் உயிரைப் பறிக்கும். இயந்திரம் காத்தல் என்பது அதனைச் சூழ்ந்த உயிர்களைக் காத்தலுமாகும்.