உண்மை கண்டறியும் சோதனை

உண்மை கண்டறியும் சோதனையில் பயன்படும் பாலிகிராப் கருவி அளப்பது மூச்சு, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, தோலில் ஊறும் வியர்வை ஆகியவற்றைத்தான். மார்பிலும் வயிற்றிலும் சுற்றிய குழாய்கள் மூச்சின் ஏற்ற இறக்கத்தையும், மேல்கையில் கட்டிய பட்டை ரத்த ஓட்டத்தின் மாற்றத்தையும் பதிவு செய்யும். விரல்களில் மாட்டிய தகடுகள் வழியே உணர முடியாத அளவு மின்சாரம் பாயும். வியர்வை ஊறினால் தோல் அதை எளிதாகக் கடத்தும். பயமோ பதற்றமோ வந்தால் பரிவு நரம்பு மண்டலம் முடுக்கப்பட்டு இவையெல்லாம் மாறும். மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் ஒருசேரப் பதியும் கருவியை 1921-ல் அமெரிக்காவின் பெர்க்லி நகரக் காவல்துறையைச் சேர்ந்த ஜான் லார்சன் அமைத்தார். வியர்வை அளவீடு பிறகு சேர்ந்தது.

சோதனையின் உயிர் கேள்விகளில் இருக்கிறது. அவை முன்கூட்டியே படித்துக் காட்டப்படும். ஆம், இல்லை என்று மட்டுமே பதில் சொல்ல வேண்டும். பெயர், ஊர் பற்றிய கேள்விகளுக்கு நடுவே, ‘இதற்கு முன் யாரையாவது ஏமாற்றியிருக்கிறீர்களா?’ என்று ஒன்று வரும். வழக்கைத் தொடும் கேள்வியும் வரும். நிரபராதி முன்னதற்கும் குற்றவாளி பின்னதற்கும் அதிகம் கலங்குவார் என்ற எதிர்பார்ப்பில்தான் கருவி பதியும் கோடுகள் ஒப்பிடப்படுகின்றன.

அந்த எதிர்பார்ப்பே இச்சோதனையின் பலவீனம். பொய்க்கென்று தனி உடற்குறி எதுவும் கிடையாது. கொலைப்பழி விழுந்தவரிடம் ‘நீங்கள்தான் கொன்றீர்களா?’ என்று கேட்டால், கொல்லாதவருக்கும் நெஞ்சு படபடக்கும். மறுபுறம், சோவியத் ஒன்றியத்துக்கு உளவு சொல்லிவந்த அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1986, 1991 ஆண்டுகளில் நடந்த சோதனைகளில் தேறிவிட்டார். அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கழகம் 2003-ல் ஒரு கணக்குப் போட்டுக் காட்டியது. 10,000 ஊழியர்களில் 10 பேர் உளவாளிகள் என்று கொள்வோம். அவர்களில் 8 பேர் சிக்கும்படி அளவுகோலை வைத்தால், குற்றமற்றவர்கள் ஏறத்தாழ 1,600 பேரும் சேர்ந்து சிக்குவார்கள். ஊழியர்களைச் சலித்தெடுக்க இக்கருவி உதவாது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

இத்தனை பலவீனம் இருந்தும் புலனாய்வில் இச்சோதனை பயன்படுகிறது. திருச்சியில் 2012 மார்ச் 29-ல் கொல்லப்பட்ட தொழிலதிபர் ராமஜெயம் வழக்கில், பத்தாண்டு கடந்தும் துப்புத் துலங்காத நிலையில், 2023 ஜனவரியில் சிறப்புப் புலனாய்வுக் குழு இச்சோதனையை நாடியது. நீதிமன்ற அனுமதியுடன் 12 பேருக்குச் சென்னை மயிலாப்பூர் தடய அறிவியல் ஆய்வகத்தில் சோதனை நடந்தது. இன்னொருவர் சம்மதிக்காததால் சோதிக்கப்படாமல் விடப்பட்டார். செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 2010 மே 5-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பே இதற்குக் காரணம். ஒருவரைக் கட்டாயப்படுத்திச் சோதிப்பது அரசியல் சட்டத்தின் 20(3), 21 ஆகிய பிரிவுகளுக்கு முரண் என்றது அத்தீர்ப்பு. வழக்கறிஞரைக் கலந்து பேச வாய்ப்புத் தர வேண்டும். சம்மதத்தை நீதித்துறை நடுவர் முன் பதிய வேண்டும். மனமுவந்து உட்பட்டாலும் சோதனை முடிவு மட்டும் சாட்சியமாகாது. அதில் கிடைத்த தகவலைக் கொண்டு பின்னர் கண்டெடுக்கப்படும் ஆயுதமோ பொருளோ சாட்சியமாக ஏற்கப்படலாம்.