பழைய மென்பொருளும் புதிய சேர்வரும்: வாங்குமுன் கேட்க வேண்டியவை

கடையில் தராசு பழுதானால் அன்றைக்கே மாற்றிவிடுகிறோம். ஆனால் கொடுக்கல் வாங்கல் கணக்கு முழுவதையும் சுமந்துகொண்டு அலுவலக மூலையில் இரைந்துகொண்டிருக்கும் சேர்வர் கணனியை, அது நின்றுபோகும் வரை நம்மில் பலர் திரும்பியும் பார்ப்பதில்லை. மாற்ற நினைப்பவர்களுக்கும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. அது பணமல்ல, பில் போடும் பழைய மென்பொருள்.

திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில், அதாவது உவர்மலையில், மொத்த வியாபாரம் செய்யும் நானா ஒருவர் இதுபற்றி என்னிடம் ஆலோசனை கேட்டார். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துக் கடைகளுக்குக் கடனுக்குச் சரக்குக் கொடுப்பவர். யார் எவ்வளவு தரவேண்டும் என்ற விபரம் எல்லாம் வின்டோஸ் சேர்வர் 2008 ஓடும் ஒரே கணனியில். மென்பொருளைச் செய்துகொடுத்த நிறுவனத்தின் தேவைப் பட்டியலிலோ சேர்வர் 2008உம் எஸ்கியூஎல் சேர்வர் 2005உம் மட்டுமே இருந்தன. "தம்பி, புது மெஷினில பழைய வின்டோஸையே போட்டா என்ன?" என்பது அவருடைய கேள்வி.

போடக்கூடாது என்பதே என் பதில். எஸ்கியூஎல் சேர்வர் 2005க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2016 ஏப்ரல் 12இலும், வின்டோஸ் சேர்வர் 2008க்கான வழமையான ஆதரவை 2020 ஜனவரி 14இலும் நிறுத்திவிட்டது. அதன்பின் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க வழமையான திருத்தங்கள் வருவதில்லை. புதிய இயந்திரங்களின் பாகங்களுக்குத் தேவையான டிரைவர்களும் இவ்வளவு பழைய வின்டோஸுக்குக் கிடைப்பது அரிது.

இதன் விலை என்னவென்று நமது நாடே பார்த்துவிட்டது. 2023 ஒகஸ்ட்டில் அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேர்வர்களை ரன்சம்வெயார் தாக்கியது. அங்கே ஓடியது காலாவதியான எக்ஸ்சேஞ்ச் 2013. அதை மாற்றும் திட்டம் 2021 முதலே இருந்தும், நிதிப் பற்றாக்குறை உள்ளிட்ட காரணங்களால் தள்ளிப்போனது. இணைப்பிலேயே இருந்த பிரதிகளும் பாதிக்கப்பட்டதால், மே 17 முதல் ஒகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. கிட்டத்தட்ட 5,000 முகவரிகள் இதில் சிக்கின. மூன்று மாதக் கடன் கணக்கு இப்படி அழிந்தால் நம்மில் எத்தனை பேரால் தாங்க முடியும்?

சரி, என்ன செய்யலாம்? முதலில் மென்பொருள் நிறுவனத்திடம் எழுத்தில் பதில் கேளுங்கள். தேவைப் பட்டியல் என்பது பெரும்பாலும் அவர்கள் அந்தக் காலத்தில் பரீட்சித்துப் பார்த்ததன் குறிப்பே. புதியதில் ஓடாது என்பது அதன் பொருளல்ல. கேட்க வேண்டியவை நான்கு:

1. எந்தப் புதிய வின்டோஸ், எஸ்கியூஎல் பதிப்பு வரை பரீட்சித்திருக்கிறீர்கள்?
2. மென்பொருளின் புதிய பதிப்பு உண்டா? பழைய கணக்குகள் முழுமையாக அதற்கு மாறுமா? செலவு எவ்வளவு?
3. உரிமம் குறிப்பிட்ட கணனியோடோ, யூஎஸ்பி டொங்கிளோடோ கட்டப்பட்டுள்ளதா?
4. தரவுத்தளத்தின் கடவுச்சொல் யாரிடம் உள்ளது?

நிறுவனம் உயிரோட்டமாக இருக்கிறதா என்று அறிய வற் வரி நல்ல உரைகல். 2019 டிசம்பரில் 8 வீதமாக இருந்த வரி, 2022 ஜூனில் 12, அதே ஆண்டு செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18 வீதம் என்று மாறியது. ஒவ்வொரு முறையும் உடனே திருத்தித் தந்தவர்களோடு பேசிப் பயனுண்டு. தராதவர்களின் மென்பொருளுக்காகச் சேர்வர் வாங்குவது, இடியப்போகும் வீட்டுக்குப் புதுக்கூரை போடுவது போன்றது.

பதில் சாதகமாக இல்லையென்றாலும் வழியுண்டு. வின்டோஸ் சேர்வர் 2022 போன்ற, 2031 ஒக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும் பதிப்பைப் புதிய இயந்திரத்தில் நிறுவி, பழைய சேர்வரை அப்படியே அதற்குள் ஒரு மெய்நிகர் கணனியாக ஓடவிடலாம். ஸ்டான்டர்ட் உரிமத்தில் இத்தகைய இரண்டை ஓடவிட அனுமதியுண்டு. பழையதற்கு இன்டர்நெட் தொடர்பை அடியோடு துண்டித்து, பில் போடும் கணனிகள் மட்டும் அதை அணுகச் செய்ய வேண்டும். இரண்டு எச்சரிக்கைகள்: மைக்ரோசொப்டின் ஹைப்பர்-வீயில் யூஎஸ்பி டொங்கிள் நேரடியாக வேலை செய்யாது. டொஸ் காலத்து 16 பிட் மென்பொருள் 64 பிட் வின்டோஸில் ஓடாது. இது தற்காலிகத் தங்குமடம்தான். எப்போது வெளியேறுவது என்று இன்றே திகதி குறித்துவிடுங்கள்.

மாற்றும் வேலையைப் பெருநாள் வியாபார வாரங்களில் வைக்காதீர்கள். முதலில் ஒரு பிரதியில் ஓடவிட்டு, மாதமுடிவில் கடன் நிலுவை, சரக்கிருப்பு, வரித்தொகை மூன்றையும் பழையதோடு ஒப்பிடுங்கள். ஒரு சதம் வித்தியாசம் வந்தாலும் காரணம் தெரியும்வரை மாறாதீர்கள். ஒரு வரிக் காலாண்டு முடியும்வரை பழைய இயந்திரத்தை விற்கவும் வேண்டாம்.

செலவுக் கணக்கில் யூபிஎஸ்ஸையும் சேருங்கள். 2022 மார்ச் இறுதியில் 13 மணிநேரம் மின்வெட்டு வந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். துறைமுக ஊரின் உப்புக்காற்று இயந்திரத்தின் உட்பாகங்களைத் துருப்பிடிக்கச் செய்யும் என்பதால் சேர்வரை ஜன்னலோரம் வைக்க வேண்டாம். தினமும் எடுக்கும் பிரதிகளில் ஒன்றாவது கணனியிலிருந்து கழற்றிய தட்டில், கடைக்கு வெளியே இருக்கட்டும். அதிலிருந்து கணக்கை மீட்க முடிகிறதா என்று மாதம் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

இந்த வாரமே உங்கள் சேர்வரின் வின்டோஸ் பதிப்பு, எஸ்கியூஎல் பதிப்பு, மென்பொருளின் பதிப்பு, கடைசியாகப் பிரதி எடுத்த திகதி ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதுங்கள். எழுத முடியாமல் எது வெறுமையாக நிற்கிறதோ, வேலையை அங்கிருந்து தொடங்குங்கள்.